‘பாத்திஸ்ரி’க்குத் தமிழில் என்ன சொல்வது?

பாரிஸிலிருந்து

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு,

அவசரமாக ஒரு சொல் வேண்டும். பாரிஸின் பழைய பாத்திஸ்ரிகளை, அதாவது இனிப்புப் பண்டக் கடைகளை, நடந்தே பார்ப்பதற்கான ஒரு சிறு கையேட்டைப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தெருப் பெயர், மெட்ரோ நிலையம், கடை திறக்கும் நேரம் எல்லாம் முடிந்துவிட்டன. தலைப்பிலேயே வருகிற ‘பாத்திஸ்ரி’ மட்டும் அப்படியே கிடக்கிறது.

‘பேக்கரி என்று போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே’ என்பீர்கள். அங்கேதான் சிக்கல். பிரான்சில் ரொட்டிக் கடையும் இனிப்புப் பண்டக் கடையும் இரண்டு தனித் தொழில்கள். ரொட்டிக் கடைக்குப் பெயர் புலான்ஜரி. 1998 மே 25-ஆம் தேதிச் சட்டப்படி, மாவு பிசைவது, புளிக்கவைப்பது, உருவம் பிடிப்பது, சுடுவது எல்லாம் விற்கிற இடத்திலேயே நடந்தால்தான் ஒரு கடை அந்தப் பெயரைப் பலகையில் போட்டுக்கொள்ளலாம். எந்தக் கட்டத்திலும் உறையவைத்த மாவு கூடாது. பாத்திஸ்ரியைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை. தொழிற்பயிற்சிச் சான்றிதழும் இரண்டுக்கும் வேறு வேறு. ஒரே கடை இரண்டையும் செய்தால் பலகையில் இரண்டு சொல்லும் இருக்கும். ஆகவே அடுமனை என்றோ வெதுப்பகம் என்றோ எழுதினால், வாசகர் போய் பகெத் ரொட்டி வரிசையில் நிற்பார்.

அப்புறம், பாத்திஸ்ரி என்றால் கடை. அந்தக் கைத்தொழிலுக்கும் அதுவே பெயர். தட்டில் வைக்கிற பண்டமும் ஒரு பாத்திஸ்ரிதான். தச்சு, தச்சர், தச்சுப் பட்டறை என்று ஒரே வேரிலிருந்து கிளைக்கிறது அல்லவா, அப்படி ஒன்று அமைந்தால் நல்லது. ‘கேக்’ உதவாது. பழத் தார்த், எக்லேர், மில்ஃபேய் எதுவும் கேக் அல்ல.

வியாழன் இரவுக்குள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

நெல்லையிலிருந்து

அன்பு மகளுக்கு,

புதிதாக ஆக்க வேண்டாம். சொல் இரண்டாயிரம் ஆண்டாக நம் வீட்டில் இருக்கிறது: கூவியர்.

மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு வருகிறது. ஊர் அடங்குகிறது. கடைத்தெருவில் யார் தூங்கி விழுகிறார்கள் என்று புலவர் சொல்கிறார் பாருங்கள்:

‘நல்வரி இறாஅல் புரையும் மெல்லடை
அயிர்உருப் புற்ற ஆடமை விசயம்
கவவொடு பிடித்த வகையமை மோதகம்
தீஞ்சேற்றுக் கூவியர் தூங்குவனர் உறங்க’

தேன்கூடு போல வரிவரியாக இருக்கிற மெல்லிய அடை, உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகம், இனிய பாகு. இவற்றைச் செய்து விற்கிறவர் கூவியர். சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்துக் கடைகளை அடுக்கும்போது ‘காழியர் கூவியர் கண்ணொடை யாட்டியர்’ என்று வருகிறது. காழியர் பிட்டு வாணிகர், கூவியர் அப்ப வாணிகர் என்று உரை. அந்தக் காலத்திலேயே பிட்டுக்குத் தனி ஆள், அப்பத்துக்குத் தனி ஆள். பிரெஞ்சுக்காரர் 1998-இல் சட்டம் போட்டுப் பிரித்ததை நாம் வழக்கிலேயே பிரித்து வைத்திருந்தோம்.

செய்பவர் கூவியர். கடை கூவியகம். தொழில் கூவியம். மூன்றும் ஒரே வேர்.

வேர் எது என்று கேட்பீர்கள். ‘குவி’ நீண்டு ‘கூவி’ ஆனது என்பது என் துணிபு. மாவைக் குவித்து அகலில் இடுகிறவர். அப்பம் நடுவில் குவிந்தே இருக்கும்.

கோவையிலிருந்து

ஐயாவுக்கு வணக்கம். மேற்கோள்கள் அருமை, வேரை ஏற்க முடியவில்லை. குறில் நெடிலாவதற்குத் தமிழில் தடங்கள் உண்டு: சுடு, சூடு, படு, பாடு, கெடு, கேடு. அவையெல்லாம் முதனிலை திரிந்த தொழிற்பெயர்கள். குவி என்பதிலிருந்து ஒரு தொழிலாளர் பெயர் அப்படிப் பிறந்ததற்கு இணையான இன்னொரு சொல்லைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

அதைவிட, வாசகர் காதில் என்ன விழும் என்று பார்க்க வேண்டும். ‘கூவியகம்’ என்று கையேட்டில் படிக்கிறவருக்கு நினைவு வருவது சேவலும் ஏலக்காரரும்தான். கூவு என்ற வினை இன்றும் உயிரோடு இருக்கிறது. அது உயிரோடு இருக்கும்வரை கூவியர் எழுந்து வர வழியில்லை.

கோலாலம்பூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கேக்குக்கு ‘அணிச்சல்’ என்று எழுதுகிறோம். பிறந்தநாள் அணிச்சல் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் புரியும். வானொலியிலும் பள்ளியிலும் சொல்லிச் சொல்லி நிலைத்தது. எனவே ‘பழகாத சொல் புரியாது’ என்ற கோவை அண்ணனின் வாதத்தை ஏற்க மாட்டேன். பழக்கினால் பழகும். தேநீரும் மிதிவண்டியும் கணினியும் முதல் நாளே பழகியா வந்தன?

என் பரிந்துரை: இன்னடை. இனிய அடை. கடைக்கு இன்னடையகம், செய்பவருக்கு இன்னடையர். நெல்லை ஐயா காட்டிய ‘மெல்லடை’க்குப் பக்கத்திலேயே உட்காரும். பிறமொழிக் கலப்பு ஒரு துளியும் இல்லை.

லா குர்நெவிலிருந்து

அக்காமார், அண்ணைமார், ஐயா, எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம். பாரிஸில் ஒரு பாத்திஸ்ரியின் பின்பக்கக் குசினியில் வேலை. சொல் ஆராய்ச்சி எனக்குத் தெரியாது, உள்ளே என்ன நடக்குது என்று சொல்கிறேன். அது உங்களுக்கு உதவலாம்.

முதலில் பாரிஸ் அக்கா சொன்ன வித்தியாசம் முழுக்க உண்மை. 2023-இல் பாரிஸின் சிறந்த பாரம்பரிய பகெத்துக்கான பரிசு இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜாவுக்குக் கிடைத்தது. வெல்கிறவர் ஒரு வருசம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுப்பார். எங்கட சனத்துக்கெல்லாம் பெரிய சந்தோசம். அந்த நேரம் சொந்தக்காரர் எனக்குப் போன் எடுத்து, ‘நீயும் போட்டிக்குக் குடுத்தனியா?’ என்று கேட்டார்கள். நான் பாண் போடுகிற ஆள் இல்லை என்று விளங்கப்படுத்த ஒரு தமிழ்ச் சொல் என்னட்ட இருக்கவில்லை. பேக்கரியில வேலை என்றால் பாண் என்றுதான் நினைப்பார்கள்.

மில்ஃபேய்க்கான மாவைச் சொல்கிறேன். மாவுக்கு நடுவில் தட்டையான வெண்ணெய்க் கட்டியை வைத்து மூடி, நீளமாக உருட்டி, மூன்றாக மடிக்கிறது. அதை ஒரு ‘தூர்’ என்பார்கள். திருப்பி வைத்து இன்னொரு தூர். பிறகு குளிர்ப்பெட்டியில் ஓய்வு. இல்லாவிட்டால் வெண்ணெய் இளகி மாவோடு கலந்துவிடும், அடுக்குப் பிரியாது. ஆறு தூர் போட்டால் மூன்றை ஆறு தரம் பெருக்குகிற கணக்கு: 729 அடுக்கு. பெயரில் ஆயிரம் இலை என்று இருக்கு. புரோட்டாவுக்கு வீசி மடிக்கிறதும் அடுக்குத்தான், ஆனால் அங்கே எண்ணெய் கையோடு போகும். இங்கே வெண்ணெய்க்கும் மாவுக்கும் ஒரே இறுக்கம் இருக்க வேணும். ஒன்று கடினமாகி மற்றது இளகினால் உருட்டும்போதே வெண்ணெய் உடைந்து துண்டு துண்டாகும்.

எக்லேருக்கு வேற மாவு. தண்ணீர், வெண்ணெய், மா மூன்றையும் அடுப்பில் வைத்துக் கிண்டி, சட்டியின் அடியில் மெல்லிய படலம் பிடிக்கிறவரை ஈரத்தை விரட்டி, பிறகு முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறது. சூட்டில் உள்ளே இருக்கிற நீராவி ஊதி, நடுவில் வெறுமையாக எழும்பும். அந்த வெறுமைக்குள்ளதான் கிரீம். இந்த மாவின் பெயர் ‘ஷூ’. பிரெஞ்சில் கோவா என்று அர்த்தம். உங்கட முட்டைக்கோஸ். சுட்டு வரும்போது உருவம் அப்படி இருக்கும்.

ஒரு வேண்டுகோள்: கடைக்கு என்ன பெயரும் வையுங்கோ, பண்டங்களின் பெயரை மாற்றாதேங்கோ. எக்லேர் என்றால் மின்னல், ரெலிஜியூஸ் என்றால் கன்னியாஸ்திரி. இதைத் தமிழாக்கி எழுதினால் வாசகர் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று எதைக் காட்டிக் கேட்பார்? சீட்டில் பிரெஞ்சுப் பெயர்தானே இருக்கும்.

கோவையிலிருந்து

லா குர்நெவ் தம்பிக்கு நன்றி. இந்தக் குழுவில் இப்படி ஒரு மடல் வந்து நாளாகிறது.

கோலாலம்பூர் அம்மையாரின் ‘இன்னடை’ ஒலியளவில் நன்றாக இருக்கிறது. ஆனால் புணர்ச்சியைக் கவனியுங்கள். இன் + அடை = இன்னடை; தனிக்குறில் முன் ஒற்று உயிர் வரின் இரட்டும், சரி. அதே போல இன் + நடை என்றாலும் இன்னடைதான். னகரத்தின் முன் வருகிற நகரம் னகரமாகும் என்பது நன்னூல். பொன் + நன்று = பொன்னன்று. இது நடைப்பயணக் கையேடு வேறு. ‘பாரிஸில் ஓர் இன்னடை’ என்று அட்டையில் போட்டால் இனிய நடை என்றுதான் எல்லாரும் படிப்பார்கள். குழப்பம் முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடும்.

இன்னொன்று, தமிழ்நாட்டில் அடை என்றால் பருப்பு அடை. அவியலோடு சாப்பிடுவது.

அணிச்சல் நிலைத்தது பற்றி: வானொலியும் பள்ளியும் சேர்ந்து தள்ளியதால் நிலைத்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரு கையேட்டுக்கு அந்தப் பின்பலம் இல்லை. அதைப் படிக்கிறவர் தெருவில் நின்றுகொண்டு படிப்பார்.

கோலாலம்பூரிலிருந்து

இரண்டு பொருள் வருகிறது என்பதற்காகச் சொல்லைத் தள்ளினால் தமிழில் பாதிச் சொற்களைத் தள்ள வேண்டும். ‘செம்பொன்பதின்றொடி’யை எப்படிப் பிரித்தாலும் பொருள் வருகிறது என்று இலக்கணமே எடுத்துக்காட்டி ரசிக்கிறது. அட்டையில் ஒரு படம் இருக்கும் அல்லவா? படத்தில் எக்லேர் இருந்தால் யார் அதை ‘இனிய நடை’ என்று படிப்பார்?

சரி, இன்னடை வேண்டாமென்றால் ‘பண்ணியம்’ எடுத்துக்கொள்ளுங்கள். இதுவும் மதுரைக்காஞ்சியில் உள்ள சொல். பண்ணுவது பண்ணியம். பண்ணியர், பண்ணியகம். கைவினை என்ற பொருள் உள்ளேயே இருக்கிறது. தம்பி சொன்ன 729 அடுக்குக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

நெல்லையிலிருந்து

பண்ணியத்தில் ஒரு நெருடல். தமிழ்ப் பேரகராதி அதற்கு வணிகப் பண்டம் என்ற பொருளும் தருகிறது, பலகாரம் என்ற பொருளும் தருகிறது. முதற்பொருளுக்கு வடமொழிப் ‘பண்ய’த்தைக் காட்டுவார்கள். கோலாலம்பூர்ச் சகோதரி தூய்மைக்காக எடுத்த சொல்லே அந்த வழக்கில் மாட்டுகிறது. கூவியருக்கு அப்படி எந்த வழக்கும் இல்லை.

பாத்திஸ்ரி என்ற சொல்லையும் சற்றுப் பார்த்தேன். பிரெஞ்சில் ‘பாத்’ என்றால் பிசைந்த மாவு. அதற்கு மூலம் பிற்கால இலத்தீனின் ‘பாஸ்தா’. நம் ‘பிசை’யை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘பசை’யையும் வையுங்கள். பகரமும் சகரமும் நிற்கின்றன. மாவில் நீர் விட்டுக் கையால் செய்கிற தொழிலும் நிற்கிறது. முசிறியில் வந்து இறங்கிய யவனர் மிளகை மட்டுமா கொண்டுபோனார்கள்?

கோவையிலிருந்து

ஐயா, இலத்தீன் ‘பாஸ்தா’ கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அது வாற்கோதுமைக் கஞ்சியைக் குறித்தது. ‘தூவு’ என்று பொருள்படும் கிரேக்க வினையோடு அதைச் சேர்ப்பார்கள். அந்தச் சகரத்துக்குப் பின்னால் ஒரு தகரம் நிற்கிறது. அது தமிழில் எங்கே போயிற்று? இரண்டு மொழியில் இரண்டு ஒலி ஒத்திருப்பது உறவாகாது. பத்துச் சொல்லில் அதே ஒலி அதே முறையில் மாறியிருக்க வேண்டும். மிளகுக்கும் இஞ்சிக்கும் அரிசிக்கும் சான்று தேடலாம், அங்கே சரக்கே கப்பலில் போயிற்று. மாவு பிசைய நம்மிடம் வந்து யாரும் சொல் கற்க வேண்டியதில்லை.

ஆனால் பண்ணியம் குறித்து ஐயா சொன்னது சரி. பொருள் இரண்டாக நிற்கிற சொல் அது.

பாரிஸிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. மடல்களைப் படித்துவிட்டு, மேசையிலேயே உட்கார்ந்திருந்தால் முடியாது என்று கையேட்டின் முதல் கடைக்கே போய் வந்தேன். மோந்தொர்கேய் வீதி, 51-ஆம் எண். ஸ்டோரர். 1730-இல் தொடங்கிய கடை. போலந்து அரசர் ஸ்தனிஸ்லாஸின் மகள் மரி, பதினைந்தாம் லூயியை மணந்து 1725-இல் வெர்சாய் வந்தபோது கூடவே வந்த நிக்கோலா ஸ்டோரர் என்ற பண்டக் கலைஞர், ஐந்து ஆண்டு கழித்துச் சொந்தமாகப் போட்டது.

கடை அகலமில்லை. உள்ளே நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் எதையும் கேட்பது இங்கே மரியாதை இல்லை. இதைக் கையேட்டிலும் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன். சுவரில் பண்டங்களை ஏந்தி நிற்கும் பெண் உருவங்கள், 1864-இல் போல் போத்ரி வரைந்தவை. பிற்பாடு கார்னியே இசைநாடக அரங்கின் முகப்புக்கூடத்தை அலங்கரித்தவரும் அவரே. ஒரு தின்பண்டக் கடையின் சுவரை நாட்டின் முதல்தர ஓவியர் வரைந்திருக்கிறார் என்பதை நின்று பார்த்தால்தான் இந்தத் தொழிலுக்கு இவர்கள் கொடுக்கிற இடம் புரியும். கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் அடுக்கியிருக்கிறது. ஒரு எக்லேரின் மேலுள்ள சாக்லேட் பூச்சில் எதிர்ச்சுவர் ஓவியம் தெரிந்தது.

இரண்டு வாங்கினேன். ஒன்று ரம் பாபா. ஸ்தனிஸ்லாஸுக்கு உலர்ந்துபோன ரொட்டி பிடிக்காமல், இனிப்பு மதுவில் நனைத்துக் கொடுத்ததிலிருந்து பிறந்தது என்று கதை. ரம் பின்னால் வந்தது. இன்னொன்று ‘புய் தமூர்’, காதல் கிணறு. அடுக்கு மாவில் கிண்ணம். உள்ளே வனிலா சேர்த்த முட்டைப்பால் கிரீம். மேலே சர்க்கரையைக் கருக்கி ஒரு மூடி.

கடையில் உட்கார இடம் தேடாதீர்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்து தெருவோரம் நின்றே சாப்பிட்டேன். கிணற்றின் மூடியைக் கரண்டியால் தட்டினால் கண்ணாடி போல ‘டக்’கென்று விரிசல் விடுகிறது. நாக்கில் முதலில் கருகிய கசப்பு, உடனே குளிர்ந்த கிரீம் அதை அணைக்கிறது, கடைசியில் பல்லுக்கடியில் அடுக்குகள் சரசரவென்று நொறுங்குகின்றன. இந்த மூன்றும் இதே வரிசையில் வந்தன; வரிசை மாறாமல் வருவதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். பாபா நேர்மாறு. கரண்டியை அழுத்தினால் பாகு ஊறி வழிகிறது. உள்ளே நூல் நூலாக, துளை துளையாக இருக்கிற அந்தப் பொருளை மெல்ல வேண்டியதே இல்லை. ரம்மின் காட்டம் மூக்கு வரை ஏறுகிறது.

உங்கள் விவாதத்துக்குத் தேவையான செய்தி இது: அதே கடையில் உப்புக் காரப் பண்டங்களும் விற்கிறார்கள். விசாரித்தால், பாத்திஸியே என்ற தொழிலாளர் பழங்காலத்தில் செய்ததே மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம்தான். ‘பத்தே’ என்ற சொல் அங்கிருந்து வந்தது. இனிப்பு பிறகே இந்தத் தொழிலை முழுக்கப் பிடித்துக்கொண்டது. ஆகவே ‘இன்’ என்று தொடங்குகிற எந்தச் சொல்லும் வரலாற்றோடு இடிக்கும். உட்கார இடமில்லாத கடைக்கு ‘சாலை’, ‘உணவகம்’ போன்றவையும் ஒத்துவராது. ரிவோலி வீதியில் 1903 முதல் இருக்கிற ஆஞ்செலினா போன்ற இடங்களில் மேசை நாற்காலி உண்டு, ஆனால் அந்த வகைக்குத் ‘தேநீர்க் கூடம்’ என்று வேறு பெயர்.

நெல்லையிலிருந்து

மகளே, பாகு ஊறி வழிகிறது, நூல் நூலாக இருக்கிறது என்று எழுதிவிட்டு என்னிடம் சொல் கேட்கிறீர்கள்! பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பாருங்கள்:

‘காரகல் கூவியர் பாகொடு பிடித்த
இழைசூழ் வட்டம் பால்கலந் தவைபோல்’

கரிய அகல்; பாகொடு சேர்த்துப் பிடித்தது; இழை சூழ்ந்த வட்டம்; அது பாலில் கிடக்கிறது. உங்கள் பாபா ரம்மில் கிடக்கிறது. செய்தவர் யார்? கூவியர். பாகில் ஊறவைக்கிற வட்டமான மாப்பண்டத்தைச் செய்கிற ஆளுக்குத் தமிழ் ஏற்கனவே பெயர் வைத்திருக்கும்போது, பலகைக்குப் பலகை அலைவானேன்?

லா குர்நெவிலிருந்து

ஐயா, அந்தப் பாட்டை நான் குசினியில் படித்துக் காட்டினேன். என்னோட வேலை செய்கிற இன்னொரு தமிழ்ப் பெடியன் ‘அப்ப நாங்கள் பழைய ஆக்கள்’ என்று சொன்னான். எனக்குக் கூவியர் பிடிச்சிருக்கு.

அக்கா ஒன்றைக் கவனிக்கவேணும். குவாசோங், ஷொக்கோலா வைத்த பாண் இதெல்லாம் பாத்திஸ்ரி இல்லை, ‘வியெனுவாஸ்ரி’. வியன்னாவிலிருந்து வந்தது என்று அர்த்தம். 1830-களின் இறுதியில் ஔகுஸ்ட் ஸாங் என்ற வியன்னாக்காரர் ரிஷ்லியூ வீதியில் கடை போட்டதில் இருந்து பாரிஸ் பிடித்துக்கொண்டது. அடுக்கு மாவுதான், ஆனால் ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவிட்டது. கையேட்டில் அதைக் கலந்துபோட்டால் கடைக்காரர் சிரிப்பார்.

ஷூ மாவுக்கும் ஒரு சொல் தேடிப் பார்த்தேன். உப்பி வருவதால் ‘உப்பு மா’ என்று யோசித்தேன். எழுதிப் பார்த்தவுடனே அது ரவை உப்புமா ஆகிவிட்டது. விட்டுவிட்டேன். ‘கிண்டுமா’ சரிவருமா?

புதுச்சேரியிலிருந்து

நீண்ட நாள் பிரெஞ்சு கற்பித்தவன் என்ற முறையில் சுருக்கமாக. பலகாரக் கடை.

இனிப்பும் பலகாரம், காரமும் பலகாரம். அதிரசமும் முறுக்கும் ஒரே தட்டில் வருகின்றன. ஸ்டோரரில் நீங்கள் பார்த்ததும் அதுதானே? ரொட்டியை யாரும் பலகாரம் என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே உங்கள் முதல் கவலையும் தீர்கிறது. பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் செய்வது பலகாரம். பிரெஞ்சுக்காரர்களும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வீட்டுக்குப் பாத்திஸ்ரிப் பெட்டியோடுதான் போகிறார்கள். ஜனவரி 6-ஐ ஒட்டி ‘கலெத்’ வெட்டும்போது உள்ளே ஒரு பீங்கான் பொம்மையை ஒளித்து வைத்து, வீட்டுக் கடைக்குட்டியை மேசைக்கடியில் உட்காரவைத்து யாருக்கு எந்தத் துண்டு என்று சொல்லவைப்பார்கள். இது பலகாரம் இல்லாமல் வேறு என்ன?

கோலாலம்பூரிலிருந்து

பலகாரம் ‘பலாகாரம்’ என்ற வடசொல்லின் திரிபு. பழ உணவு என்று பொருள், நோன்புக்கு உரியது. வெண்ணெயும் முட்டையும் ரம்மும் சேர்ந்த ஒன்றுக்கு அதை வைப்பது பொருளாலும் பொருந்தாது, வேராலும் பொருந்தாது. ஐயா அவர்களே, கூவியரும் பண்ணியமும் கையில் இருக்கும்போது இது எதற்கு?

கோவையிலிருந்து

முறுக்கில் எந்தப் பழம் இருக்கிறது, அம்மா? அந்த மூலப்பொருள் மக்கள் வாயில் மறைந்து நெடுங்காலமாகிவிட்டது. பாத்திஸ்ரி மூலத்தில் இறைச்சிப் பண்டம், பலகாரம் மூலத்தில் பழ உணவு. இரண்டும் நகர்ந்து வந்து இன்று ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்றுதான் நான் பார்க்கிறேன். புதுச்சேரி ஐயாவின் சொல்லுக்கு என் வாக்கு.

ஒரு திருத்தம் மட்டும். வெறும் ‘பலகாரக் கடை’ என்றால் பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பல் பகுதியில் வடை விற்கிற கடைக்குப் போய்விடுவார்கள். ‘பிரெஞ்சுப் பலகாரக் கடை’ என்று முதல் முறையும், அதன் பிறகு ‘பாத்திஸ்ரி’ என்றும் எழுதலாம். பலகையில் அவர்கள் காணப்போகிற சொல் அது. காது பழகட்டும்.

பாரிஸிலிருந்து

வியாழன் இரவாகிவிட்டது. அச்சகத்துக்கு அனுப்பப்போவதைச் சொல்லிவிடுகிறேன்.

அட்டையில்: ‘பாரிஸின் பிரெஞ்சுப் பலகாரக் கடைகள்’. உள்ளே முதல் முறை பலகாரக் கடை, பிறகு பாத்திஸ்ரி. பண்டங்களின் பெயர்கள் பிரெஞ்சிலேயே, தமிழ் எழுத்தில். பக்கத்தில் பொருள் விளக்கம். 1910-இல் பாரிஸ்–பிரெஸ்ட் மிதிவண்டிப் போட்டிக்காக லூயி துரான் சக்கர வடிவில் செய்த பாரி-பிரெஸ்டுக்குக் கதையைச் சொன்னால் போதும், பெயர்க்க வேண்டியதில்லை. அடுக்கு மாவு என்பது தெளிவாக இருக்கிறது, எடுத்துக்கொண்டேன். கிண்டுமாவையும் எடுத்துக்கொண்டேன், தம்பிக்கு நன்றி. வியெனுவாஸ்ரியை அப்படியே விட்டுவிட்டேன்.

கடையும் பண்டமும் பலகாரத்தில் அடங்கிவிட்டன. ஆள்தான் அடங்கவில்லை. ‘பலகாரக்காரர்’ என்றால் தெருவில் கூடை சுமக்கிறவர் போல ஒலிக்கிறது. பிரெஞ்சு அரசியல்வாதி தலேரான் வீட்டில் சர்க்கரையிலும் மாவிலும் கோயிலும் கோபுரமும் கட்டிய அந்தோனன் கரேமை அப்படி எழுத மனம் வரவில்லை. இப்போதைக்குப் ‘பலகாரக் கலைஞர்’ என்று போட்டிருக்கிறேன்.

நெல்லையிலிருந்து

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன், உடன்படவில்லை. ஆளுக்குச் சொல் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒன்பது எழுத்தில் ‘பலகாரக் கலைஞர்’, நான்கு எழுத்தில் கூவியர். ஸ்டோரர் படத்துக்கு அடியில் ஒரே ஒரு வரியிலாவது ‘1730-இல் நிக்கோலா ஸ்டோரர் என்ற கூவியர்’ என்று போடுங்கள். பக்கத்திலேயே உரை எழுதிவிடுங்கள். படிக்கிறவர் கற்றுக்கொள்வார்.

கோலாலம்பூரிலிருந்து

ஐயாவை வழிமொழிகிறேன். இல்லையென்றால் பண்ணியர்.

லா குர்நெவிலிருந்து

நானும் ஐயாவோடதான். அக்கா, இன்னுமொன்று: ‘தூர்’ போடுகிறதுக்கு ‘மடிப்பு’ என்று எழுதியிருந்தால் அதைப் பாருங்கோ. மூன்றாக மடிக்கிறதும் நாலாக மடிக்கிறதும் எங்களுக்கு வேற வேற. 729 மூன்றாக மடித்தால் மட்டும் வரும். ‘மும்மடிப்பு’ என்று போட்டால் பிழை வராது.

பாரிஸிலிருந்து

மும்மடிப்பு ஆயிற்று. ஸ்டோரர் படக்குறிப்பில் கூவியரும் ஆயிற்று, அடியில் பெரும்பாணாற்றுப்படை வரிகளோடு. மற்ற இடங்களில் பலகாரக் கலைஞரே.